பழைய டீசல் டிராக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டச் சாலையில் உள்ளே போனால், லயத்து வீட்டுக்குப் பின்னாலோ செம்பனை (பாமாயில் மரம்) துண்டின் ஓரத்திலோ தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிவப்பு மாஸி ஃபெர்குசனோ நீல ஃபோர்டோ நிற்கும். தோட்டம் கைமாறிய காலத்தில் நிர்வாகம் கழித்துவிட்ட வண்டியை அப்பாவோ தாத்தாவோ வாங்கி வைத்திருப்பார். அவர் ஓட்டிய வரைக்கும் சாவியைத் திருப்பினால் கிளம்பிய வண்டி, பிள்ளைகள் கைக்கு வந்து சில மாதம் சும்மா நின்றதும் அடம்பிடிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பேட்டரி என்பார் ஒருவர், பம்பு போய்விட்டது என்பார் இன்னொருவர். பழைய இரும்புக்காரர் லோரியோடு வந்து விலை பேசுவார்.

அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. கிளம்ப மூன்று காரியம் நடந்தால் போதும். இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். காற்றுக்குமிழ் இல்லாத சுத்தமான டீசல் சிலிண்டருக்குள் போக வேண்டும். உள்ளே இழுத்த காற்று நன்றாக அழுந்திச் சூடேற வேண்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் சூடான காற்றுதான் டீசலைப் பற்ற வைக்கிறது. இந்த மூன்றில் எது குறைகிறது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை, நட்டைக் கழற்றுவது அதற்குப் பிறகு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு பேட்டரி, ஒரு ஸ்டார்ட்டர், கடைசியில் பம்பு சர்வீஸ் என்று பணத்தைக் கொட்டிய பிறகுதான், டாங்கிக் குழாய் மூடிக் கிடந்தது தெரிய வரும்.

எந்த வண்டி, எந்த இன்ஜின்

இன்ஜின் பக்கத்தில் இருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். மாஸி ஃபெர்குசன் 35 என்றால் இரண்டு விதம் உண்டு. 1959-க்கு முன் வந்த டீசல் வண்டிகளில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நாலு சிலிண்டர் இன்ஜின். ஸ்டார்ட் ஆவதற்கு முரண்டு பிடிப்பதில் அது பெயர் வாங்கியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், சுமார் இரண்டரை லிட்டர். 1964 கடைசியில் வந்த 135-இலும் அதே பெர்க்கின்ஸ் குடும்பம்தான். இந்தியாவில் 1960-இல் மாஸி ஃபெர்குசன் கூட்டோடு தொடங்கிய டாஃபே கம்பெனி இந்த வகை டிராக்டர்களைத் தொடர்ந்து செய்து வந்ததால், பாகங்களுக்கு இன்றும் பெரிய பஞ்சம் இல்லை. 135-ஐச் செய்த இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலை 2002-இல் மூடியாயிற்று, வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. மனசுக்கு நிறைவு தருகிற விஷயம் அது.

ஃபோர்ட்சன் மேஜர், ஃபோர்டு 5000 வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பொருந்தும். வேறுபடும் இடங்களில் சொல்கிறேன். பெட்ரோலில் ஓடும் பழைய ஃபெர்குசனுக்கு வழி வேறு; அதை இங்கே தொடவில்லை.

வண்டிக்கு அருகில் போகும் முன்

சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் பழைய வண்டியில் பெயருக்குத்தான் இருக்கும், அதை நம்பாமல் பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின்னால் மாட்டிய கருவி ஏதும் இருந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். பின்னால் மாட்டிய கருவியைச் சுற்ற வைக்கும் பிடிஓ லீவர் விடுபட்டிருக்கட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கீழே நின்றுகொண்டு ஸ்க்ரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரண்டு முனையைத் தொட்டுக் கிளப்பும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். கியரில் நிற்பது தெரியாமல் தொட்டால், வண்டி கிளம்பிய அதே நொடி பின்சக்கரம் உங்கள் மேல் ஏறிவிடும். நிற்கிற இடமே சக்கரத்துக்கு முன்னால்தானே. உலகம் முழுக்க டிராக்டர் விபத்துகளில் ஆளைக் கொன்ற காரணங்களில் இதுவும் ஒன்று. எப்போதும் இருக்கையில் உட்கார்ந்து, கிளட்ச் மிதித்து, சாவியில்தான் கிளப்ப வேண்டும்.

சாவியைத் திருப்பாமலே தெரிந்துகொள்ளக் கூடியவை

முதலில் இன்ஜின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவைவிட அதிகமாக இருக்கிறதா? ஆயில் பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணியாக, டீசல் வாடையோடு இருந்தால் டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் (உள்சவ்வு) கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் அன்றைக்குக் கிளப்பும் வேலையை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து புகைக் குழாய். மேலே நிமிர்ந்து நிற்கும் குழாய் என்றால், வேலை முடிந்ததும் அதன் வாயில் பழைய பால் டின்னைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் இருந்தது. சின்ன வேலைதான், ஆனால் அது ஓர் இன்ஜினையே காப்பாற்றும். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். டின் இல்லாமல் நின்ற வண்டியில் மழைத்தண்ணீர் குழாய் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வைத் தாண்டி சிலிண்டருக்குள் தேங்கிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டு முறுக்கினால் கனெக்டிங் ராடு வளையும். குழாய் திறந்தே கிடந்திருந்தால், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்றி, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்த்த பிறகே பேட்டரியை இணையுங்கள். கையால் சுற்றவே முடியவில்லை என்றால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். அதை இழுத்துக் கிளப்பப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதுதான் சரி.

ஏர் கிளீனரையும் திறந்து பாருங்கள். பழைய வண்டியில் அடியில் ஆயில் ஊற்றிய கிண்ணம் இருக்கும். சும்மா நின்ற வண்டியில் எலி வைக்கோல் சேர்த்து வைத்திருக்கும், குளவி களிமண் கூடு கட்டியிருக்கும். எலி வயரையும் கடித்திருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமா? அதைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிற ஊர் இது.

கடைசியாக ஸ்டாப் கம்பி. 135-இல் இன்ஜினை நிறுத்த ஒரு குமிழை வெளியே இழுப்போம். கேபிள் துருப்பிடித்திருந்தால், குமிழை உள்ளே தள்ளினாலும் டீசல் பம்பில் இருக்கும் சின்ன லீவர் (கை) அசையாமல் நிறுத்தும் நிலையிலேயே நின்றுவிடும். ஒருவரைக் குமிழைத் தள்ளச் சொல்லி, நீங்கள் பம்புப் பக்கம் நின்று அந்தச் சின்னக் கை நகர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நகரவில்லை என்றால் உங்கள் கோளாறு அங்கேயே தீர்ந்திருக்கலாம். டாங்கிக் குழாயின் திருகு திறந்திருக்கிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் என்ன சத்தம்?

பழைய தோட்டத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டால் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "தம்பி, 'டொக்'னு ஒரு தடவ கேட்டுச்சா, 'டொக்டொக்டொக்'னு கேட்டுச்சா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சத்தமே இல்லையா? கியர் நிலையைப் பாருங்கள். 135-இல் ஹை-லோ லீவர் நடுவில் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். அதற்கென்று கியர் பெட்டியில் ஒரு சேஃப்டி சுவிட்ச் இருக்கிறது. லீவரை மெல்ல அசைத்தபடியே சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது பிடித்தால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். அதை நேரடியாக வயர் போட்டுத் தாண்டிவிடாதீர்கள். உயிரைக் காக்க வைத்த சுவிட்ச் அது.

"டொக்டொக்டொக்" என்று வேகமாகக் கேட்டால் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது முனைகளில் பூத்துக் கிடக்கிறது. மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை கொஞ்சம்தான். வண்டி நிற்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் முயற்சி செய்வதில் பயனில்லை. நிற்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, ஸ்டார்ட்டர் போடும்போது 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரியின் ஆயுள் முடிந்துவிட்டது.

வோல்ட் சரியாக இருந்தும் மந்தமாகச் சுற்றுகிறதா? பேட்டரியை இன்ஜின் உடம்போடு சேர்க்கும் எர்த் வயரைச் சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ அது உட்காரும் இடத்திலோ தடை இருக்கிறது. எர்த் வயர் போல்ட் போட்ட இடத்தில் பெயின்டும் துருவும் சேர்ந்திருக்கும். கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை மணல்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். பேட்டரி முனையில் பூத்த பச்சை-வெள்ளைப் பொடிக்கு வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, துடைத்து, இறுக்கியபின் கொஞ்சம் வேஸலின் தடவினால் போதும். கழற்றும்போது எர்த் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் சிகரெட் கூடவே கூடாது.

ஃபோர்ட்சன் மேஜர் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வரும்போது பாசிட்டிவ் எர்த். அதாவது பிளஸ் முனைதான் இன்ஜின் உடம்போடு சேரும். இடையில் யாராவது மாற்றியும் இருக்கலாம். புதிய பேட்டரி மாட்டும் முன், பழையதில் எந்த முனை எர்த் ஆகியிருந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் மாட்டிய வண்டியில் முனை மாறினால் அது அந்த நொடியே எரிந்துபோகும்.

ஒரே ஒரு "டொக்", அப்புறம் அமைதி என்றால் ஸ்டார்ட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சோலனாய்டு தொடுப்பு கருகியிருக்கலாம், ஸ்டார்ட்டர் பிரஷ் ஒட்டியிருக்கலாம், அல்லது இன்ஜினே இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டர் "விர்ர்" என்று சுற்றியும் இன்ஜின் அசையவில்லை என்றால் இன்ஜினைப் பிடித்துச் சுற்ற வேண்டிய பெண்டிக்ஸ் பல்சக்கரம் வெளியே வரவில்லை. அதைக் கழற்றி டீசலில் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். கிரீஸ் பூசாதீர்கள், தூசி ஒட்டி மறுபடி சிக்கிக்கொள்ளும்.

எந்த நிலையிலும் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேல் தொடர்ந்து ஸ்டார்ட்டர் போடக் கூடாது. ஒரு நிமிஷம் ஆற விட்டு மறுபடி போடுங்கள். ஸ்டார்ட்டர் கருகுவது பெரும்பாலும் பொறுமை இல்லாததால்தான்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இப்போது ஒருவரைச் சாவியில் வைத்துவிட்டுப் புகைக் குழாயைப் பாருங்கள். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை: சுற்றும் வேகம் குறைவு, அழுத்தம் குறைவு, அல்லது டீசலில் தண்ணீர். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் கிளீனர் பக்கம் போங்கள். வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் நின்றுபோகும் வண்டிகளில் பெரும்பாலானவை புகையே வராத வகைதான். எனவே டீசல் பக்கம் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

டாங்கியில் பாதி டீசலோடு வண்டியை விட்டால், மீதிப் பாதியில் ஈரக் காற்று நிற்கும். இரவில் தகரம் குளிரும்போது அந்த ஈரம் துளிகளாக இறங்கி டீசலுக்கு அடியில் சேரும். நம் புழுக்கத்தில் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து, கறுப்பும் பழுப்புமாகக் கொழகொழவென்று படியும். இதோடு இன்னொன்று: 2019 முதல் நம் பம்புகளில் கிடைக்கும் டீசலில் பத்து சதவீதம் பாமாயிலில் இருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அதில் தவறில்லை, நம் செம்பனைக்கும் நல்லது. ஆனால் பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும். டாங்கியின் சுவரில் பல வருஷமாகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸை உப்பி இளக வைக்கும். ஆகவே டீசல் தாங்கும் புது ஹோஸ் போடுவதும், முதல் சில மாதம் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதும் தவிர்க்க முடியாத செலவு.

சோதிப்பது சுலபம். டாங்கியின் அடியிலிருந்தோ ஃபில்டரின் அடித் திருகிலிருந்தோ கொஞ்சம் டீசலை, தெளிவான தண்ணீர்ப் போத்தலில் பிடியுங்கள். நிழலில் அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். டீசல் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே கறுப்பு நூல் நூலாக ஏதும் தொங்கினால் அது அந்தக் கொழகொழப்புதான். தண்ணீர் தெரிந்தால் டாங்கியை முழுக்க இறக்கிக் கழுவ வேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 135-இல் இருக்கும் சிஏவி டிபிஏ இன்ஜெக்ஷன் பம்பு (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்புவது), தன்னுள் ஓடும் டீசலிலேயே தன்னை வழவழப்பாக்கிக்கொள்ளும் வகை. தண்ணீர் போனால் உள்ளே உரசித் தேயும், துருப்பிடிக்கும். அதன் பழுதுதான் இந்த வண்டியில் வரும் பெரிய செலவு. மேஜரில் இருக்கும் சிம்ஸ் வரிசைப் பம்புக்குத் தனி ஆயில் உண்டு, கொஞ்சம் தாங்கும். அதற்காக அதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

டீசல் சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால், டாங்கி மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையைப் பாருங்கள். குளவி மண்ணோ சேறோ அதை அடைத்திருக்கும். வண்டி கிளம்பி ஓடிக் கொஞ்ச நேரத்தில் தானாக நின்று, மூடியைத் திறந்தால் "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனால் காரணம் அதுதான்.

ஏர் எடுப்பது

டீசல் குழாயில் ஒரு சின்னக் காற்றுக்குமிழ் போதும், இன்ஜின் பிடிக்காது. பம்பின் அழுத்தமெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும், இன்ஜெக்டர் திறக்காது. டீசல் தீர்ந்து நின்றாலும் ஃபில்டர் மாற்றினாலும் ஏர் எடுத்தே ஆக வேண்டும். இதைக் கற்றுக்கொண்டவருக்குப் பழைய டிராக்டரைப் பற்றிய பயம் பாதி போய்விடும். பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டரை வைத்துச் சொல்கிறேன்.

டாங்கியில் டீசல் நிரப்பிக் குழாயைத் திறந்துகொள்ளுங்கள். ஸ்டாப் குமிழ் உள்ளே தள்ளி இருக்கட்டும். ஃபில்டர், பம்பு, திருகுகள் எல்லாவற்றையும் முதலில் துணியால் துடைத்துவிடுங்கள். திறந்த இடத்தில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் அது நேராகப் பம்புக்குள் போகும்.

இன்ஜின் பக்கவாட்டில் லிஃப்ட் பம்பு இருக்கும். அதில் கையால் அசைக்கும் சின்ன லீவர். அதை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுந்துவது விரலுக்குத் தெரிய வேண்டும். தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். கேம் அந்த நேரத்தில் பம்பை மேலே தூக்கி வைத்திருக்கலாம். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அசையுங்கள், பிடிப்பு வந்துவிடும்.

இப்போது ஃபில்டர் தலைமேல் இருக்கும் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, லீவரை அசையுங்கள். முதலில் நுரை நுரையாக வரும், சில நேரம் கரகரவென்று சத்தமும் கேட்கும். குமிழே இல்லாமல் தெளிவான டீசலாக வழியும் வரை அசைத்துவிட்டு, வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். அசைப்பதை நிறுத்திய பிறகு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். இரண்டு ஃபில்டர் உள்ள வண்டியில் டாங்கிக்கு அடுத்ததில் முதலில், பிறகு மற்றதில்.

அடுத்தது இன்ஜெக்ஷன் பம்பு. டிபிஏ பம்பின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு, மேலே, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் மூடியில் ஒன்று. கீழே உள்ளதை முதலில் தளர்த்தி, லீவரை அசைத்து, குமிழ் நின்றதும் இறுக்குங்கள். அப்புறம் மேலே உள்ளதை அதே மாதிரி. இவை சின்னத் திருகுகள், முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும்.

கடைசிக் கட்டம் இன்ஜெக்டர். மூன்றில் இரண்டின் மேல் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, ஒருவரை இருக்கையில் உட்கார வைத்து ஸ்டார்ட்டர் போடச் சொல்லுங்கள். நட்டுக்கு அடியில் டீசல் துடித்துத் துடித்து வெளியே வரும். குமிழ் நின்றதும் ஸ்டார்ட்டரை நிறுத்தி இறுக்குங்கள். பல வண்டிகள் இறுக்கி முடித்து அடுத்த தடவை சாவியைத் திருப்பியதுமே பிடித்துவிடும்.

இந்த வேலையின்போது கையும் முகமும் அந்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இன்ஜெக்டரில் இருந்து வரும் டீசல் 2000 பிஎஸ்ஐ-க்கும் மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போலச் சின்னப் புள்ளிதான் தெரியும். வலி இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைத் தேட விரலை வைக்காமல் அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஏர் எடுத்தால் ஓடுகிறது, மறுநாள் காலையில் மறுபடி அதே கதை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. ஹோஸ் கிளிப், ஃபில்டர் ரப்பர் வளையம், பழைய செம்பு வாஷர்கள், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில் அந்தக் காற்றைச் சூடாக்கும் தெர்மோஸ்டார்ட்டுக்குப் போகும் சின்னக் குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். புது வாஷர் கிடைக்காத நேரத்தில் பழைய செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகி நன்றாக உட்காரும். கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே தெளிவான பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஓட விடுங்கள். குமிழ் வருகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஃபோர்ட்சன் மேஜரில் ஒரு கூடுதல் விஷயம். அதன் பம்பில் ஆறிய இன்ஜினைக் கிளப்புவதற்கென்று அதிக டீசல் விடும் பட்டன் ஒன்று இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் திறந்து அதை அழுத்திய பிறகு ஸ்டார்ட்டர் போட வேண்டும். தெரியாதவர்கள் அதைத் தொடாமலே பேட்டரியைக் காலி செய்துவிடுவார்கள்.

ஸ்பிரே வேண்டாம்

காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடித்துக் கிளப்பலாம் என்று கடைக்காரர் சொல்வார். தெர்மோஸ்டார்ட் என்பது இன்டேக்கில் டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும் கருவி. சாவியை ஹீட் நிலையில் வைத்துவிட்டு ஈதர் அடித்தால் இன்டேக்கிலேயே வெடிக்கும். தெர்மோஸ்டார்ட் இல்லாத வண்டியிலும் ஈதர் நேரம் தப்பிப் பற்றுவதால் பிஸ்டன் ரிங் உடையும். நம் வெயிலில் நல்ல நிலையில் உள்ள பெர்க்கின்ஸுக்கு ஹீட் கூட பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்பிரே கேட்கிற இன்ஜினில் வேறு கோளாறு இருக்கிறது.

அது என்ன கோளாறு? வேகமாகச் சுற்றுகிறது, டீசல் சுத்தமாகப் போகிறது, வெள்ளைப் புகை மட்டும் வருகிறது என்றால் இன்ஜெக்டர் துளி துளியாக ஒழுகலாம், வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், ரிங் தேய்ந்திருக்கலாம். சுற்றும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே காற்று குப்குப்பென்று அடித்தால் ரிங் தேய்வு என்று ஊகிக்கலாம். இன்ஜெக்டரைச் சோதிக்கவும் அழுத்தத்தை அளக்கவும் கருவி வேண்டும். இந்த இடத்தில் நல்ல டீசல் பட்டறைக்குப் போவதுதான் முறை. அங்கே போய் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பேட்டரி 12.6, நன்றாகச் சுற்றுகிறது, ஏர் எடுத்தாயிற்று, தண்ணீர் இல்லை, வெள்ளைப் புகை வருகிறது" என்று சொல்லுங்கள். கேட்பவர் உங்களை வேறு மாதிரி நடத்துவார், தேவையில்லாத பாகத்தை உங்கள் தலையில் கட்டவும் தயங்குவார்.

கிளம்பிவிட்டது, அப்புறம்?

உடனே ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் மீட்டர் முள் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். சில வினாடிக்குள் ஏறவில்லை என்றால் ஸ்டாப் குமிழை இழுத்து நிறுத்திவிடுங்கள். ஏறினால் மெதுவான ஓட்டத்தில் கொஞ்ச நேரம் சூடாக விடுங்கள். ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். இன்ஜினை நடுத்தர வேகத்துக்குக் கொண்டுபோகும்போது 13.5-இல் இருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் டைனமோவோ ஆல்டர்னேட்டரோ சார்ஜ் கொடுக்கவில்லை. இன்றைக்குக் கிளம்பிய வண்டி வாரக் கடைசியில் மறுபடி நிற்கும்.

பேட்டரியை ஒரு தடவை நன்றாகச் சார்ஜ் போட்டு வையுங்கள். ஒவ்வொரு சாயங்காலமும் டாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள், ஈரக் காற்றுக்கு இடமிருக்காது. வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலை வெளியே விடுங்கள். வேலை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒரு நாள் கிளப்பி, இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை ஓட விட்டு நிறுத்துங்கள்.